புது மெரைன் டேங்க்: மீன் விடுவதற்கு முன் சைக்ளிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் முதல்முறையாக உப்பு நீர்த் தொட்டி வைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். எல்லாக் கணக்கும் ஒரே தொட்டிக்குத்தான்: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பெருக்கினால் 191 லிட்டர் வரும். ஆனால் மேலே இரண்டு அங்குலம் காலி விடுவீர்கள், மணலும் கல்லும் கொஞ்சம் இடத்தை அடைக்கும். மிச்சம் நிற்கும் தண்ணீர் சுமார் 150 லிட்டர். உப்பு, அம்மோனியா, சோடா எதை அளந்தாலும் இந்த 150-ஐ வைத்து அளங்கள். 191 என்று நினைத்துப் போடுவதால்தான் பலருக்கு முதல் வாரமே அளவு தப்புகிறது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, இன்றைக்கே மீன் விட்டால் என்ன?

மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் மீன் செத்துப்போகும், அப்போதும் தண்ணீர் கண்ணாடி மாதிரியே இருக்கும். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அதற்கு நிறமும் கிடையாது, அந்த அளவில் வாசனையும் கிடையாது. கல்லிலும் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டி வளரும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றியே சமாளிக்கலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் கிட்டத்தட்ட இல்லை. மீன் வருவதற்கு முன்பே அவற்றுக்குத் தீனி போட்டு வளர்த்து வைப்பதைத்தான் சைக்ளிங் என்கிறோம்.

நன்னீர்த் தொட்டியில் முதல் நாளே இரண்டு மீன் விட்டுத்தானே ஓட்டினோம்?

அங்கே பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு, உங்களைக் காப்பாற்றியது. தண்ணீரில் இருக்கும் மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் மீனைக் கொல்லும் நச்சு வடிவம், மிச்சம் அவ்வளவு தீங்கில்லாத அம்மோனியம். பிஎச் 7-இல் நச்சுப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. கடல் நீரின் பிஎச் 8.1 முதல் 8.4 வரை, அங்கே அது பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். சோதனை கிட்டில் தெரியும் அதே 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) நன்னீர்க் கப்பி மீனுக்கு ஒரு மாதிரி, க்ளவுன் மீனுக்கு வேறு மாதிரி.

டாம்சல் மீனை ‘பலியாள்’ போல முதலில் விடுவது பழைய வழக்கம். அது பெரும்பாலும் தாங்கும், செவுள் வெந்த நிலையில்தான் தாங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு: முதலில் குடியேறிய டாம்சல் மொத்தத் தொட்டியையும் தன் பட்டாவாக எழுதிக்கொண்டு, பின்னால் வரும் எந்த மீனையும் விரட்டி விரட்டிக் கடிக்கும். பிடித்து வெளியே எடுக்க எல்லாக் கல்லையும் பிரித்தாக வேண்டும்.

எந்தத் தண்ணீரில் உப்பைக் கலப்பது? போர் தண்ணீர் போதுமா?

போதாது. இந்தக் கரையோர போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமாகவும் பல தெருக்களில் உப்புக் கரிப்பாகவும் இருக்கிறது. அதில் உப்பைக் கலந்தால் சிலிகேட், பாஸ்பேட், சில இடங்களில் இரும்பு என்று வேண்டாதவையெல்லாம் சேர்ந்து வரும். முதல் மாதம் முழுக்கப் பழுப்புப் பாசியோடு மல்லுக்கட்ட நேரிடும். வீட்டு ஆர்ஓ தண்ணீரை டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரில் பாருங்கள், 40–80 காட்டலாம். குடிக்க அது சரி. அதன் பின்னால், மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாய் மாட்டினால் 0-க்கு வந்துவிடும், அதுதான் வேண்டும். டிடிஎஸ் 5-ஐத் தாண்டினால் ரெசினை மாற்றுங்கள். வீட்டு ஆர்ஓவில் சுவைக்காக மினரல் சேர்க்கும் பகுதி இருந்தால், அதற்கு முன்பே தண்ணீரைப் பிரித்து எடுக்க வேண்டும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறோம். கடல் தண்ணீரையே கொண்டுவரலாமே?

வரலாம், ஆனால் தேவனாம்பட்டினத்திலோ பாண்டி பீச் ரோட்டிலோ முழங்கால் ஆழத்தில் கேனை முக்குவது கடல் தண்ணீர் எடுப்பது ஆகாது. கடலூரில் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு எல்லாம் அடுத்தடுத்துக் கடலில் கலக்கின்றன. புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாறும் அரியாங்குப்பம் ஆறும். ஆற்று முகத்துவாரத்தில் ஊர்ச் சாக்கடை, வயல் உரம், ஆலைக் கழிவு எல்லாம் கூடி வரும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்பளவும் நன்றாக விழுந்துவிடும்.

எடுப்பதென்றால் பங்குனி, சித்திரை மாதங்களில், மழை ஓய்ந்து பல வாரம் ஆனபின், ஃபைபர் படகில் தொலைவு போகிறவர்களிடம் சுத்தமான உணவுத் தர கேன்களைக் கொடுத்து, நிறம் தெளிந்த ஆழ்கடல் நீராக எடுத்துவரச் சொல்லுங்கள். டீசல் கேன் எத்தனை முறை கழுவினாலும் டீசல் கேன்தான். வந்த நீரை 5 மைக்ரான் ஃபில்டரில் வடித்து டிரம்மில் நிரப்புங்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் செய்வதுபோல 10 பிபிஎம் குளோரின் கொடுங்கள். 150 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 5 கிராம், கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றவும். ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு இரண்டு நாள் காற்றுக் கல் போட்டு ஓட்டவும். மிச்சக் குளோரினை சோடியம் தயோசல்பேட்டால் முறிக்க வேண்டும்: ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம். குளோரின் கிட்டில் 0 வந்தபிறகு உப்பளவைப் பார்த்து, குறைந்தால் மெரைன் சால்ட் சேர்த்து ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தால், முதல் தொட்டிக்குப் பாக்கெட் உப்பே மேல் என்று தோன்றும். எங்கள் பரிந்துரையும் அதுதான்.

மரக்காணம் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறதே. அதுவும் கடல் நீரிலிருந்து வந்ததுதானே?

கடல் நீரிலிருந்து வந்ததுதான், ஆனால் பலவற்றை உப்பளத்திலேயே விட்டுவிட்டு வந்தது. பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். அடுத்துத்தான் சோடியம் குளோரைடு விளையும், அதைத்தான் வாரி எடுக்கிறார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆகவே கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்தால் கடல் திரும்பி வராது, கால்சியமும் காரத்தன்மையும் இல்லாத உப்புக் கரைசல்தான் கிடைக்கும். குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெரைன் சால்ட் எவ்வளவு, எப்படிக் கலப்பது?

இலக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. பெரும்பாலான பிராண்டுகளுக்கு லிட்டருக்கு 37 கிராம் வாக்கில் தேவைப்படும், 150 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோ. முதலில் தண்ணீர், பிறகு உப்பு. உப்பைக் கொட்டி அதன் மேல் தண்ணீர் விட்டால், அடியில் செறிவு ஏறிக் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும், அது மறுபடி கரையாது. பவர்ஹெட்டை (தொட்டி நீரைச் சுழற்றும் சிறு மோட்டார்) ஓடவிட்டு, ஐந்து பாகமாகப் பிரித்துப் போட்டு, ஒரு நாள் சுழலவிடுங்கள். முதல்முறை மட்டும் தொட்டியிலேயே கலக்கலாம், உள்ளே கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

அளக்கும் கருவியில்தான் கோட்டை விடுகிறார்கள். ஊசி ஆடும் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலே கணக்கு தப்பும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒரு சொட்டு நீரில் உப்பளவு காட்டும் கருவி) வாங்குங்கள், ஆனால் வெறும் தண்ணீரில் 0 காட்டுகிறது என்பதை நம்பி விடாதீர்கள். 35-இல் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கான கரைசலை வீட்டிலேயே செய்யலாம்: தூள் உப்பு 36.5 கிராம், டிஐ தண்ணீர் 963.5 கிராம். இந்தக் கடற்காற்றில் உப்பு டப்பாவில் இருக்கும்போதே கசியும், ஈரத்தோடு நிறுத்தால் எடை பொய் சொல்லும். வெறும் வாணலியில் சூடுகாட்டி, ஆறவிட்டு, உடனே நிறுங்கள். இந்தக் கரைசலில் ஒரு சொட்டை விட்டால் கோடு 35-இல் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் திருகைத் திருப்பி நிறுத்துங்கள்.

தினமும் குறையும் அளவுக்கு டிஐ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு இல்லை. இதை மறந்து உப்பு நீரையே ஊற்றி, மூன்றாம் வாரத்தில் 40 பிபிடி வரை கொண்டுபோனவர்கள் நிறையப் பேர்.

கல்லுக்கு என்ன செய்வது? கரையில் கிடக்கும் பவளக் கல்லை எடுக்கலாமா?

கூடாது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. உயிருள்ளதோ காய்ந்ததோ, எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடல் குதிரைக்கும் இதே சட்டம்தான். ‘லைவ் ராக்’ (உயிர்கள் ஒட்டிய பவளக் கல்) என்று ரகசியமாக யாராவது விற்க வந்தால், பெரும்பாலும் அது மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்து வந்த துண்டாக இருக்கும். வாங்காதீர்கள்.

செயற்கையாகச் செய்த உலர் கல்லும் நுண்துளை உள்ள செராமிக் கட்டிகளும் போதும். 150 லிட்டருக்குப் 12–15 கிலோ. சிமென்ட் கலந்து செய்த கல் என்றால், பிஎச் ஏறாமல் நிற்கும் வரை சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அடிக்கடி நீர் மாற்ற வேண்டும். நோயில்லாமல் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பாக்டீரியா ஏற்கெனவே ஒட்டிய ஒரு கைப்பிடி செராமிக் கிடைத்தால், அதுதான் சைக்ளிங்கைச் சுருக்கும் உத்தமமான குறுக்குவழி. ஈரத்தோடு, அதே உப்பு நீரில், அன்றே கொண்டுவாருங்கள்.

மணலுக்கு அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணலை வாங்குங்கள், ஒரு அங்குல உயரம் போதும். நம் கடற்கரை மணல் சிலிகாவும் கருமணலும் கலந்தது. ஒரு காந்தத்தை அதில் இழுத்துப் பார்த்தால் கருப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். எந்த மணலானாலும் ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு மணல். சும்மா கிடந்தால் வேண்டாம்.

மீனே இல்லாமல் பாக்டீரியாவுக்குத் தீனி எங்கிருந்து?

இரண்டு வழி உண்டு. ஒன்று பழைய இறால் வைத்தியம்: ஒரு நடுத்தர இறாலை உரிக்காமல் வலைப் பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுவது. கடலூர் முதுநகரிலோ பாண்டி பெரிய மார்க்கெட்டிலோ ஒரே ஒரு இறால் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள். இது வேலை செய்யும். அழுகும் வேகம் நம் கையில் இல்லை என்பதுதான் இதில் உள்ள கோளாறு. இந்த வெக்கையில் சில நாளிலேயே அம்மோனியா வேண்டிய அளவைத் தாண்டி எகிறலாம், வீடு மீன் மார்க்கெட் ஆகும், கரைந்த சதையிலிருந்து பாஸ்பேட்டும் சேரும். இந்த வழியில் போகிறவர்கள் அம்மோனியா 2 பிபிஎம் தொட்டவுடன் பையைத் தூக்கி வெளியே போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று அம்மோனியம் குளோரைடு. இதைத்தான் சொல்வோம், ஏனென்றால் அளந்து போடலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துணியில் தொட்டுத் தேய்ப்பாரே, புகை கிளம்புமே, அந்த நவச்சாரம்தான் இது. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். ஆனால் அதன் சுத்தத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஈயமோ செம்போ ஒட்டி வந்தால், பின்னால் விடப்போகும் இறாலும் நத்தையும் தாங்காது. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு வேதிப்பொருள் விற்கும் கடையில் தரச் சீட்டு ஒட்டிய டப்பா வாங்குங்கள். ஒரு சிறு டப்பா பல தொட்டிக்கு வரும்.

150 லிட்டருக்கு 2 பிபிஎம் வேண்டுமென்றால் 0.9 கிராம். சமையலறைத் தராசு இதை நிறுக்காது. எனவே 6 கிராமை ஒரு லிட்டர் டிஐ தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்து, ‘குடிக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இதில் 100 மில்லி ஊற்றினால் 100 லிட்டரில் 2 பிபிஎம் ஏறும், நம் தொட்டிக்கு 150 மில்லி. ஊற்றி அரை மணி கழித்து கிட்டில் பாருங்கள். 2-க்கு அருகில் வந்தால் உங்கள் லிட்டர் கணக்கும் சரி என்று அர்த்தம்.

தரை துடைக்கும் அம்மோனியா திரவத்தில் சோப்பும் வாசனையும் கலந்திருக்கும். குலுக்கினால் நுரை நிற்கும். அது வேண்டாம்.

இன்னும் அதிகமாக ஊற்றினால் சீக்கிரம் முடியுமா?

நேர்மாறு. அம்மோனியா 4–5 பிபிஎம்மைத் தாண்டினால் நைட்ரைட்டை மாற்றும் இரண்டாம் வகை பாக்டீரியா சுணங்கிவிடும், முழுச் சுழற்சியும் இழுபடும்.

எத்தனை நாள் ஆகும்? நடுவில் என்னென்ன தெரியும்?

வெறும் உலர் கல்லில் தொடங்கினால் நான்கு முதல் எட்டு வாரம். கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவோடு ஒன்று முதல் மூன்று வாரம். உப்பு நீரில் நன்னீரைவிட மெதுவாகவே நடக்கும்.

முதல் சில நாள் அம்மோனியா அசையாது, 2-லேயே நிற்கும். பதறி மறுபடி ஊற்றாதீர்கள். பிறகு ஒருநாள் நைட்ரைட் கிட்டில் லேசான ஊதா தெரியும், முதல் வகை வேலையைத் தொடங்கிவிட்டது. அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்ததும் அடுத்த 2 பிபிஎம். இங்கே ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் சுமார் 5 பிபிஎம் நைட்ரைட் ஆகும், அது மாறினால் சுமார் 7 பிபிஎம் நைட்ரேட். இரண்டு முறை ஊற்றிவிட்டு, நைட்ரைட் கிட்டின் கடைசி நிறத்தில் நிற்கிறதே என்று திகைக்க வேண்டாம், அது 10-ஐத் தொட்டிருக்கும். நைட்ரைட் 5-க்கு மேல் இருக்கும்வரை புதிதாக 2 பிபிஎம் ஊற்றாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 0.5 பிபிஎம் மட்டும் கொடுங்கள், நம் பாட்டிலிலிருந்து 40 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக. முதல் வகை பட்டினி கிடக்காது.

நைட்ரைட் கட்டம்தான் பொறுமையைச் சோதிக்கும். பத்து நாள், பதினைந்து நாள் ஒரே நிறம் நிற்கும். பிறகு ஒரே ஒரு இரவில் சரிந்துவிடும்.

பாட்டில் பாக்டீரியா வாங்கலாமா?

வாங்கலாம், நல்லதாகக் கிடைத்தால். டாக்டர் டிம்ஸ், ஃப்ரிட்ஸ் போன்றவற்றில் உண்மையாகவே நைட்ரைட்டை மாற்றும் பாக்டீரியா இருக்கிறது. மெரைன் என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும். சிக்கல் பாட்டிலுக்குள் இல்லை, பாட்டில் வந்த வழியில் இருக்கிறது. மே மாதம் கூரியர் வேனில் இரண்டு நாள் கிடந்த பாட்டிலுக்குள் உயிர் மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம். முடிந்தால் மார்கழி, தை மாதங்களில் வாங்குங்கள், காலாவதித் தேதி பாருங்கள், வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். ஊற்றும்போது யூவி விளக்கையும் ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி) மூன்று நாள் நிறுத்தி வையுங்கள்.

கடையில் தூளாக விற்கும் சில ‘பாக்டீரியா’க்கள் கழிவைக் கரைக்கும் வேறு இனம், அம்மோனியாவை மாற்றுவதற்கு உதவாது.

எந்த கிட்? எப்படிப் பார்ப்பது?

நாடா கிட் வேண்டாம், சொட்டு கிட் வாங்குங்கள். ஏபிஐ சால்ட்வாட்டர் சைக்ளிங்குக்குப் போதும். சாலிஃபர்ட் இன்னும் துல்லியம், விலையும் அப்படி. சோதனைக் குழாயைத் தொட்டி நீரிலேயே இரண்டு முறை அலசுங்கள். சொட்டு விடும்போது பாட்டிலை நேர் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடியுங்கள், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். நிறத்தை ட்யூப்லைட் அடியில் பார்க்காமல் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், குழாயை வெள்ளை அட்டைமேல் ஒட்டிவைத்துப் பாருங்கள். நைட்ரேட்டின் இரண்டாம் பாட்டிலில் மருந்து அடியில் கட்டிப்போய்க் கிடக்கும், அரை நிமிடம் மேசையில் தட்டிக் குலுக்காவிட்டால் நைட்ரேட் குறைவாகவே காட்டும்.

நைட்ரைட் அதிகமாக இருக்கும்போது நைட்ரேட் கிட்டை நம்பாதீர்கள். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது, எனவே இருக்கும் நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணி 100, 150 என்று பயமுறுத்தும். நைட்ரைட் 0 ஆனபின் பார்த்தால் உண்மை தெரியும்.

மூன்று வாரமாக ஒன்றும் நகரவில்லை. எங்கே தப்பு?

முதலில் பிஎச், அடுத்து காரத்தன்மை. இந்த பாக்டீரியா வேலை செய்யச் செய்யக் காரத்தைத் தின்னும். ஒவ்வொரு 2 பிபிஎம்முக்கும் 0.6 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) வாக்கில் குறையும். 7 டிகேஎச்சுக்குக் கீழே போயிருந்தால் சமையல் சோடா சேர்க்கலாம்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும். நம் தொட்டிக்கு நாலரை கிராம். ஒரு குவளை நீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள், ஒரே நாளில் இரண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். சோடா என்றால் சமையல் சோடா மட்டும், பேக்கிங் பவுடர் இல்லை.

அதுவும் சரியாக இருந்தால் அம்மோனியா 5-க்கு மேல் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது, தண்ணீரோடு போய்விடாது. குழாய்த் தண்ணீரின் குளோரின், கொசு மருந்து, ஆல்அவுட் புகை, தொட்டியில் முன்பு போட்ட செம்பு மருந்து, புதிதாக அடித்த பெயின்ட் வாடை இவையும் காரணமாகலாம். ‘சுத்தம் செய்கிறேன்’ என்று ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தவர்களும் உண்டு. அவர்கள் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கத்திரி வெயிலில் தொட்டி 32 டிகிரி காட்டுகிறது. பாக்டீரியா சாகுமா?

சாகாது, 28–30-இல் அது நன்றாகவே வளரும். ஆனால் சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம், 32-இல் 6 மட்டும்தான். இந்த பாக்டீரியா மூச்சு வாங்கும் ஜாதி. பவர்ஹெட்டின் முகத்தை மேலே திருப்பி, நீர்ப்பரப்பு சலசலவென்று உடையும்படி வையுங்கள்.

பிரச்சினை மீனுக்குத்தான். அதற்கு 25–27 வேண்டும். மேற்பரப்பில் மின்விசிறி ஊதினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் கடற்காற்றில் ஈரம் ஏறிய மாலையில் அதுவும் குறையும். அந்த அறை மே மாதத்தில் எவ்வளவு தொடுகிறது என்று சைக்ளிங் காலத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 31-க்கு மேல் வழக்கமாகப் போனால் சில்லரோ (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஏசியோ இல்லாமல் மீன் வாங்காதீர்கள்.

கரண்ட் போனால்?

மாதப் பராமரிப்புக்கு நிறுத்தினால் காலையில் போனது மாலைதான் வரும். அதற்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் போதும். புயல் வேறு கதை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோதும் பல இடங்களில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. மீன் விடுவதற்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

தொட்டிக்குள் இருக்கும் கல் தாங்கிக்கொள்ளும். முதலில் கெடுவது மூடிய கேனிஸ்டர் ஃபில்டர். உள்ளே ஓட்டமில்லாத நீரில் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த அழுகிய நீரை அப்படியே தொட்டிக்குள் பீய்ச்சும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் வராது என்று தெரிந்தால் கேனிஸ்டரைத் திறந்து, செராமிக்கை வலைப் பையில் அள்ளித் தொட்டியிலேயே போட்டுவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் 10 வாட் பவர்ஹெட் ஒன்றை மட்டும் மாட்டினால், 150 ஆம்பியர்-மணி (ஏஎச்) பேட்டரி ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். டிவியையும் ஃபேனையும் சேர்த்து ஓட்டினால் அந்தக் கணக்கு செல்லாது.

விளக்கு, ஸ்கிம்மர் எல்லாம் ஓட வேண்டுமா? கல் பழுப்பாகிறதே?

விளக்கு வேண்டாம். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை. ஸ்கிம்மர் ஓடலாம், பெரிதாக ஒன்றும் எடுக்காது. பழுப்புப் பொடி படிவது டயாட்டம் என்னும் நுண்பாசி, சிலிகேட்டைத் தின்று வளர்வது. பல தொட்டிகளில் தானே வந்து தானே போகும். தேய்க்க வேண்டாம்.

முடிந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

நாளை எண்ணாதீர்கள், தண்ணீரின் தெளிவையும் பார்க்காதீர்கள். ஒரு நாள் காலை 150 மில்லி ஊற்றி 2 பிபிஎம் ஆக்குங்கள். மறுநாள் அதே நேரம் சோதியுங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் ஏறியிருக்க வேண்டும். நைட்ரேட் கொஞ்சமும் இல்லையென்றால் ஏதோ ஒரு கிட் பொய் சொல்கிறது. இதை இன்னொரு நாள் மறுபடி செய்து பாருங்கள். இரண்டு முறையும் தேறினால் முடிந்தது.

இதற்குள் ஐந்தாறு முறை ஊற்றியிருப்பீர்கள், நைட்ரேட் 35–40 இருக்கும். தண்ணீரில் முக்கால் பங்கை மாற்றினால் 10 வாக்கில் வந்துவிடும். புது நீரின் உப்பும் சூடும் ஒத்திருக்கட்டும்.

நைட்ரைட் மட்டும் 0.25-இல் தொங்கினால்? கடல் நீரின் குளோரைடு மீனின் செவுளில் நைட்ரைட் நுழையாமல் பெருமளவு தடுக்கும். நன்னீரைப் போல அது உயிர்ப் பிரச்சினை இல்லை. ஆனாலும் இரண்டாம் வகை இன்னும் தேறவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். நான்கைந்து நாள் பொறுங்கள்.

முதலில் எந்த மீன்?

ஒரு ஜோடி க்ளவுன், அதோடு நிறுத்துங்கள். பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், கடலூர் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் இனப்பெருக்கத்தில் வேலை செய்தவை, எனவே இந்த மீனைப் பொரித்து வளர்ப்பது இங்கே புதிதல்ல. பண்ணை மீன் பிடிபட்ட அதிர்ச்சி இல்லாமல் முதல் நாளே உருண்டைத் தீனி எடுக்கும். முதல் வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள், தீனியைக் கொஞ்சமாகப் போடுங்கள். அடுத்த மீனுக்கு மூன்று வாரம் இடைவெளி. ஏழெட்டு மீனை ஒரே நாளில் இறக்கினால், 2 பிபிஎம் தாங்கிய தொட்டியும் தடுமாறும். மாண்டரின் மீனுக்கும் கடல் சாமந்திக்கும் ஆறு மாதமாவது ஆகட்டும்.

சைக்கிள் முடிந்தது, ஆனால் மீன் வர இன்னும் மூன்று வாரம் ஆகும். தொட்டியை அப்படியே விடலாமா?

விட்டால் பாக்டீரியா பட்டினியில் சுருங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 75 மில்லி, அதாவது 1 பிபிஎம், ஊற்றிக்கொண்டே இருங்கள். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போனால் ஐந்தாறு நாள் ஊற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, திரும்பி வந்ததும் 1 பிபிஎம் கொடுத்து மறுநாள் 0 வருகிறதா என்று பாருங்கள். மீன் வருவதற்கு முந்தின நாள் எதுவும் ஊற்றக் கூடாது. அன்று காலை அம்மோனியா 0 என்று கிட்டில் பார்த்தபிறகே மீன் பையைத் தொட்டியில் மிதக்க விடுங்கள்.